கணக்கு ஒப்படைத்தவர் யார்?

"அந்நியர்" என்னும் சொல் நம்மிடையே மிக மலிவாகிவிட்டது. ஒரு கருத்து பிடிக்கவில்லையா, அது அந்நியக் கருத்து. ஒரு நிறுவனம் பிடிக்கவில்லையா, அது அந்நிய நிறுவனம். அத்துடன் வழக்கு முடிந்தது. சான்றும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். இச்சொல்லால் காலங்காலமாகக் குத்தப்பட்டு வரும் தமிழ்க் கத்தோலிக்கராகிய நாமே இன்று அதே சொல்லைக் கையில் எடுத்துப் பிறர்மேல் எறியத் துணிவது வியப்புக்குரியது மட்டுமன்று, வருத்தத்துக்குரியதுமாகும். ஆகவே இதைக் குறித்துச் சற்றுக் கடுமையாகவே எழுத நேர்கிறது. வாசக அன்பர்கள் பொறுத்தருள்க.

பல்லாவரத்தில் இக்கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. இப்பகுதியில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் அடங்கிய நிலம் நடுவண் அரசின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. தொன்மைச் சின்னங்களுக்கான சட்டம் 2010-இல் திருத்தப்பட்டபின், பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பக் கூடாது; அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். தோல் பதனிடும் தொழிற்சாலையிலோ, விமான நிலையத்தைச் சார்ந்த சிறு வேலைகளிலோ முப்பது ஆண்டு உழைத்து, இரண்டு சென்ட் நிலம் வாங்கி, மகனுக்கு மணமாகுமுன் ஒரு மாடி எழுப்பிவிட வேண்டும் என்று கனவு கண்டவர், தடையில்லாச் சான்றுக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகிறார். வங்கியும் கடன் தரத் தயங்குகிறது. அவருக்குக் கோபம் வராதா? எப்போதோ ஒரு வெள்ளைக்காரர் இங்கே கல்லைப் பொறுக்கினாராம், அதற்காக நாம் வீடு கட்டக் கூடாதாம் என்று அவர் குமுறுவதைக் கேட்கும்போது, நமக்கும் அவர் பக்கம் சாயவே மனம் வருகிறது.

ஆயினும் அக்கோபம் அங்கே நிற்பதில்லை. தமிழ் மண்ணில் ஆய்வு என்ற பெயரால் வந்த அயல்நாட்டார் அனைவரும் கொள்ளையரே. புதுச்சேரியில் பிரெஞ்சு நாட்டார் நடத்தும் ஆய்வு நிறுவனங்களையும் இழுத்து மூடிவிட வேண்டும் என்று படித்த பொதுநிலையினர் சிலர் அன்பியக் கூட்டங்களிலேயே பேசத் தலைப்பட்டுவிட்டனர். இதைத்தான் நாம் மறுக்கிறோம். வந்தவர் அந்நியரா, உள்நாட்டவரா என்பது கேள்வியே அன்று. தோண்டியதற்கு அவர் கணக்கு ஒப்படைத்தாரா என்பதே கேள்வி.

முதலில் அந்த வெள்ளைக்காரரின் வழக்கையே எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அலுவலர். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், பல்லாவரத்துப் படைப்பயிற்சித் திடலுக்கு அருகே, சாலைக்கும் பிறவற்றுக்கும் செம்மண் சரளை வெட்டி எடுத்த குழியொன்றில் அவர் ஒரு கல்லைக் கண்டார். குவார்ட்சைட் கல்லில் மனிதக் கை செதுக்கிய கோடரி அது. பிரான்சில் சோம் ஆற்றின் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மனிதர் செய்தவையே என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நான்கு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார். இந்தியாவில் பழைய கற்காலம் என்றொரு அதிகாரம் உண்டென்பதை உலகம் அறிந்தது பல்லாவரத்தின் சரளைக் குழியிலிருந்துதான். நம் ஊரின் பெயர் தொல்லியல் நூல்களில் இடம்பெறுவதும் அதனால்தான்.

ஃபூட் ஒரு புனிதர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவரை அனுப்பிய துறை நிலக்கரியையும் கனிமங்களையும் தேடுவதற்காக ஆங்கில ஆட்சியால் அமைக்கப்பட்டது. தமிழரின் தொன்மையைப் போற்றுவதற்காக அன்று. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த கருவிகளை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோதும் விலைக்கே கொடுத்தார், தானமாக அன்று. இருப்பினும் அவர் செய்த ஒரு காரியத்தை மறுக்க இயலாது. எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில், எந்தச் சூழலில் ஒரு கல் கிடைத்தது என்பதை எழுதி வைத்தார். எழுதியதைச் சென்னையிலேயே அச்சேறச் செய்தார். அவர் 1912-இல் மறைந்தபின் அவருடைய தொகுப்பின் பட்டியலும் விளக்கமும் 1914-லும் 1916-லும் வெளிவந்தன. ஏர்க்காட்டில் அவருக்குக் கல்லறை உண்டு. அவர் திரட்டியவை எழும்பூரில் உள்ளன. பல்லாவரத்திலிருந்து மின்தொடர் வண்டி ஏறினால் அரை மணியில் போய்விடலாம். நம் இளைஞர் இயக்கத்தினரில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். வீடு கட்டத் தடையாக நிற்பது ஃபூட் கண்ட கல் அன்று. அதற்கு மிகப் பிந்திய காலத்தைச் சேர்ந்த இடுகாடு அது. இறந்தவர்களைச் சுட்டமண் பேழையில் வைத்துப் புதைத்த நம் முன்னோரின் இடுகாடு. அலெக்சாந்தர் ரே என்ற தொல்லியலார் 1880-களில் பல்லாவரத்துக் குன்றுப் பகுதியில் அத்தகைய ஈமப்பேழைகளைக் கண்டெடுத்து எழுதி வைத்தார். வரிசையாகக் கால்கள் வைத்த அப்பேழைகள் காண்போரைச் சற்றே திகைக்க வைக்கும். ஆக நம் வீட்டு மனைக்கு அருகே கிடப்பது வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற சுமையன்று; நம் பாட்டன் பூட்டனின் கல்லறை. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளுக்கு மெழுகுதிரியோடு போகிற மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

இந்த ஊரின் கல்லைப் பற்றி இடையில் ஒரு செய்தி. கல்கத்தாவை நிறுவியவர் எனப்படும் ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைக் கல், பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் கிடைக்கும் கருநிறப் பாறை வகையைச் சேர்ந்தது. அதை ஆராய்ந்த ஹாலந்து என்ற நிலவியலார் 1893-இல் அப்பாறை வகைக்கே சார்னாக்கைட் என்று பெயரிட்டார். உலகில் எங்கே அப்பாறை கிடைத்தாலும் இன்று அப்பெயரே வழங்குகிறது. நம் கல்லுக்கு நம் ஊரின் பெயர் கிட்டவில்லையே என்று வருந்துவோர் உண்டு. நாமோ அக்கல்லை ஜல்லியாக்கினோம். திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் மலைகளை வெடிவைத்துத் தகர்த்துப் பள்ளமாக்கியவர் எந்த அயல்நாட்டு நிறுவனமும் அல்லர். பல்லாவரத்துப் பெரிய ஏரியில் குப்பை கொட்டியவரும் பாரிசிலிருந்து வந்தவர் அல்லர். வெடித்துச் சிதறிய குன்றுகளில் எத்தனை கற்பதுக்கைகள், எத்தனை கல்வட்டங்கள் இருந்தன என்பதற்கு எங்கும் ஒரு வரிக் குறிப்பும் கிடையாது.

இங்கேதான் நாம் கூற வந்த கருத்து இருக்கிறது. ஒரு பங்குப் பணியாளர் மாற்றலாகிப் போகும்போது என்ன செய்கிறார்? திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறந்தோர் பதிவேடு, வரவு செலவுக் கணக்கு, சாவிக்கொத்து ஆகிய அனைத்தையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துக் கையொப்பம் இடுகிறார். அவர் எந்த ஊர்க்காரர், எந்தச் சாதிக்காரர், மக்களோடு இனிமையாகப் பழகினாரா என்பவையெல்லாம் பிறகு. பதிவேடு இல்லாமல் போனவர் பங்கையே கொண்டுபோனவர். அகழாய்வும் அத்தகையதே. தோண்டிய மண்ணை மறுபடியும் பழையபடி அடுக்க எவராலும் இயலாது. ஒரு குழியைத் தோண்டுகிறவர் அக்குழியின் கடைசி வாசகர்; அவர் எழுதி வைத்தால் மட்டுமே பிறருக்கு அது உண்டு. எழுதி வைக்காத அகழாய்வுக்கும் ஜல்லிக் குவாரிக்கும் வேறுபாடு ஏதேனும் உண்டா?

இந்த உரைகல்லில் அயல்நாட்டார் சிலர் படுதோல்வி அடைகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்வோம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் மேட்டை 1876-இல் முதன்முதலாகத் தோண்டியவர் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர். தாழிகளும், இரும்புக் கருவிகளும், எலும்புகளும் பெர்லினுக்குப் பயணமாயின. 1903-இல் பாரிசிலிருந்து லாபிக் என்பவர் வந்தார். அவரும் தோண்டினார், அவரும் எடுத்துச் சென்றார். அங்கே வாழ்ந்த மக்களின் வழிவந்தவர்கள் அவற்றைக் காண வேண்டுமென்றால் கடல் கடந்து போக வேண்டும். இதை ஆய்வு என்று நாம் அழைக்க மாட்டோம். நாகரிகமான பெயர் சூட்டப்பட்ட வேட்டை அது. ஆனால் அதே மேட்டை 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டியவரும் ஓர் அயல்நாட்டாரே. பல்லாவரத்துப் பேழைகளைக் கண்ட அதே அலெக்சாந்தர் ரே. அவர் கண்டெடுத்தவை சென்னைக்கு வந்தன. பொருள் பொருளாக எண்ணிட்ட பட்டியல் 1915-இல் அச்சாயிற்று. ஒரே மேடு, ஒரே நிறத்தவர், ஒப்படைத்த கணக்கிலோ வானுக்கும் மண்ணுக்கும் உள்ள தொலைவு. "அந்நியர்" என்ற ஒரே சாக்கில் இருவரையும் கட்டிப் போடுவது எவ்வகை நீதி?

அரிக்கமேட்டுக் கதையில் நம்மவருக்கும் பங்குண்டு. புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் சிறுவர்கள் பொறுக்கி விளையாடிய மணிகளைக் கண்டு, அவ்விடத்தின் பெருமையை 1930-களில் உணர்ந்தவர் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ராய். பின்னர் 1940-களின் தொடக்கத்தில் அங்கே தோண்டியவர்களில் ஒருவர் மறைப்பணியாளர் ஃபொஷே அடிகளார். ஆர்வம் இருந்தது; முறை போதவில்லை. கிடைத்த பொருள்களுள் ஒரு பகுதி அனாய் நகரத்து அருங்காட்சியகம் வரை சிதறிற்று. 1945-இல் மார்ட்டிமர் வீலர் வந்து மண்ணடுக்குகளை அளந்து தோண்டி, மறு ஆண்டே அறிக்கையை வெளியிட்டார். அவரைத் தொடர்ந்து தோண்டிய பிரெஞ்சு அறிஞர் கசாலும் 1949-இல் நூலாக வெளியிட்டுவிட்டார். நல்லெண்ணமும் ஆன்மீகப் பணியும் குழிக்குள் இறங்கியவரைக் காப்பாற்றுவதில்லை என்பதற்கு அடிகளாரின் குழிகளே சான்று. குருத்துவ உடை அணிந்தவர் என்பதற்காக அவருக்குத் தனிச் சலுகை கேட்க நாம் முன்வர மாட்டோம்.

இனி, மூடிவிட வேண்டும் என்று சொல்லப்படும் அந்தப் புதுச்சேரி நிறுவனத்துக்கு வருவோம். பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்டது. புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவிடம் ஒப்படைத்தபோது இரு நாடுகளும் செய்துகொண்ட ஏற்பாட்டின் பயன் அது. ழான் ஃபில்லியோசா முதல் இயக்குநர். கீழை நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் அதே ஆண்டு அங்கே தன் மையத்தை அமைத்தது. ஆட்சி செய்த நாடு கொடியை இறக்கிக்கொண்டு, நூலகத்தை மட்டும் விட்டுச் சென்றது போன்ற ஏற்பாடு. ஆட்சியின் மிச்சம் இது என்று ஐயுறுவோருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அங்கே நடந்தது என்ன?

அந்நிறுவனத்தின் புகைப்படக்காரர்களும் பண்டிதர்களும் 1956 முதல் தமிழகத்துக் கோயில்களை ஊர் ஊராகச் சுற்றினார்கள். பெரும்பாலும் நம் மண்ணின் மைந்தர்களே அவர்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூசை நின்றுபோய், கதவு உளுத்துப்போய், வௌவால் அடைந்த சிற்றூர்க் கோயில்களிலும் புகுந்து, ஒவ்வொரு சிலையையும் படம் எடுத்து, ஊர்ப் பெயரையும் நாளையும் எழுதி அடுக்கினார்கள். இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உள்ளன. அங்கும் ஆய்வுப் பள்ளியின் மையத்திலுமாகச் சேர்த்துப் பாதுகாக்கப்படும் ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. நடந்த வேலை சலிப்பூட்டும் வேலை. புகழ் தரும் வேலையன்று. படமெடுத்து உறையிலிட்டு எண் எழுதுவதில் என்ன பெருமை இருக்கிறது?

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் என்ற ஊரைக் கேளுங்கள், அவ்வூரார் சொல்வார்கள். அங்குள்ள பழஞ்சிவன் கோயிலின் நடராசர் திருமேனி 2006 வாக்கில் திருடப்பட்டது. கோயில் பூட்டிக் கிடந்தமையால் திருட்டே நெடுநாள் தெரியவில்லை. அத்திருமேனி நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர் கைக்குப் போய், அங்கிருந்து 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் விற்கப்பட்டது. முறையான ஆவணங்கள் உண்டு என்று விற்றவர் காகிதம் காட்டினார். அக்காகிதத்தைப் பொய்யாக்கியது எது? புதுச்சேரி நிறுவனத்தார் 1994-இல் அதே கோயிலில் எடுத்து வைத்திருந்த படம். நடராசர் 1994-இல் சிறீபுரந்தானில் இருந்திருந்தால், அதற்கு முன்பே முறைப்படி வெளிநாடு போயிற்று என்ற கதை எப்படி நிற்கும்? 2014 செப்டம்பர் மாதம் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் தில்லிக்கு வந்து திருமேனியை இந்தியப் பிரதமரிடம் நேரில் ஒப்படைத்தார். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிலையும் அப்போதே திரும்பியது. கபூர் செருமனியில் கைதாகி, இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022-இல் கும்பகோணம் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்.

எண்ணிப் பாருங்கள். திருடியவர்களுக்கு வழிகாட்டியவர் நம் நாட்டவர்; கடத்தியவரும் இந்திய வழித்தோன்றலே; காவல் வைக்காமல் பூட்டிப்போட்டது நம் நிர்வாகம். மீட்டுத் தந்த சான்று ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் அலமாரியில், நம்மவர் கையால் எண் எழுதப்பட்ட உறையில் இருந்தது. இந்த அலமாரியையா மூட வேண்டும்?

குறையே இல்லாத நிறுவனம் என்று சான்றிதழ் தருவதற்காக நாம் இதை எழுதவில்லை. அவர்களுடைய நூல்களில் மிகப் பல பிரெஞ்சு மொழியிலும் ஆங்கிலத்திலுமே வெளிவந்தன. எந்த ஊரின் கல்வெட்டை, எந்த ஊரின் சிலையை ஆராய்ந்தார்களோ அந்த ஊரார் படிக்க முடியாத மொழியில் கணக்கு எழுதி வைப்பது பாதிக் கணக்கே. வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தவர்தாம். ஆயினும் அவர் தமிழில் எழுதினார். ஆகவேதான் அவரைத் தமிழர் எவரும் அந்நியர் என்று ஒதுக்குவதில்லை. அத்தரத்தைப் புதுச்சேரி அறிஞர்களிடம் எதிர்பார்ப்பது மிகை என்று நாம் கருதவில்லை.

நம் வீட்டுக் கணக்கையும் திறந்து பார்த்துவிடுவோம். இல்லையேல் நாம் நேர்மையற்றவர்களாவோம். கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அயல்நாட்டில் ஒரு புகழ்பெற்ற தொல்லியல் நிறுவனம் உண்டு. எருசலேமில் தொமினிக்கன் சபைத் துறவி லக்ராஞ்சு அடிகளார் 1890-இல் நிறுவிய விவிலியப் பள்ளி அது. பின்னர் பிரெஞ்சு விவிலிய, தொல்லியல் பள்ளி என்ற பெயர் பெற்றது. துருக்கியர் ஆட்சி, ஆங்கிலேயர் ஆட்சி, யோர்தான் ஆட்சி, இசுரயேல் ஆட்சி என நான்கு ஆட்சிகளைக் கண்டது. அப்பள்ளியால் விவிலியக் கல்வி பெற்ற நன்மை அளவிடற்கரியது. குருமடத்தில் நாம் படித்த விளக்கவுரைகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருந்தது. ஆனால் கணக்கைக் கேட்போம். சாக்கடலோரக் கும்ரானை 1951 முதல் 1956 வரை தோண்டியவர் அப்பள்ளியின் இயக்குநர் தெ வோ அடிகளார். இடைக்கால அறிக்கைகளை எழுதினார். முழு அறிக்கையை முடிக்காமலேயே 1971-இல் மறைந்தார். அவர் தலைமையில் சுவடிகளைப் பதிப்பிக்க அமைந்த குழுவில் யூத அறிஞர் ஒருவர்கூட இல்லை. யூதர் எழுதிய சுவடிகள் அவை! நான்காம் குகைச் சுவடிகளில் பெரும்பகுதி ஒரு சிலரின் கைக்குள்ளேயே பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. 1991-இல் அமெரிக்காவின் ஹன்டிங்டன் நூலகம் தன்னிடம் இருந்த புகைப்படங்களை எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகே பூட்டு உடைந்தது. நம் திருச்சபையின் பிள்ளைகள் செய்தது என்பதற்காக இத்தாமதத்தை நாம் நியாயப்படுத்தினால், பெர்லின்காரரைக் குறைகூற நமக்கு என்ன தகுதி?

உள்நாட்டாரின் கணக்கோ? ஆதிச்சநல்லூரை 2004-லும் 2005-லும் நம் நடுவண் தொல்லியல் துறையே தோண்டிற்று. ரே பத்தாண்டுகளில் பட்டியலைத் தந்தார். நம் துறையின் அறிக்கையைப் பெற மக்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. 2014-இல் தொடங்கிய கீழடி அகழாய்வின் முதல் அறிக்கை 2023-இல் கொடுக்கப்பட்டு, 2025-இல் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. இதில் அரசியல் பேச நமக்கு விருப்பமில்லை. கணக்கு எங்கே என்று மட்டுமே கேட்கிறோம். சுதேசிக் கையால் பூட்டப்பட்ட பூட்டும் பூட்டுத்தான்.

நல்ல வழியும் நம் கண்முன்னே இருக்கிறது. ஃபூட் கண்ட அத்திரம்பாக்கத்தை 1999 முதல் முறையாக அகழ்ந்தவர்கள் சென்னையைச் சேர்ந்த சர்மா மரபுக் கல்வி மையத்தார். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் முன்னின்றனர். காலத்தைக் கணிக்கப் பிரெஞ்சு அறிஞர்களின் ஆய்வகத் துணையைப் பெற்றனர். அங்குள்ள பழைய கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்ற முடிவு 2011-இல் வெளியாயிற்று. அடுத்த கட்டக் கருவிகள் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குத் தோன்றிவிட்டன என்பது 2018-இல் வெளியாயிற்று. குழி நம்முடையது, கேள்வி நம்முடையது, கருவி அவர்களுடையது. முடிவு அனைவர் முன்னும் வைக்கப்பட்டது. இதில் யார் யாருக்கு அடிமை?

ஆகவே, அயல்நாட்டு நிறுவனங்களை விரட்டுங்கள் என்ற கூச்சலில் நம் பொதுநிலையினர் கலந்துகொள்ள வேண்டாம். கேட்க வேண்டியவை வேறு. பெர்லினில் உள்ள ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைத் திரும்பக் கேட்கலாம், கேட்க வேண்டும். அவை வரும்வரை ஒவ்வொன்றின் படமும் விவரமும் தமிழில் கிடைக்க வேண்டும். புதுச்சேரி நிறுவனத்தார் தம் படங்களின் படியை அந்தந்த ஊருக்கே தர வேண்டும். நம் பங்குகளிலோ, பழைய ஆலயத்தை இடித்துப் பளிங்கும் கிரானைட்டும் பதித்துப் புது ஆலயம் எழுப்புகிற வேகம் எங்கும் காணப்படுகிறது. இடிக்குமுன் பீடத்தையும், கல்லறைக் கற்களையும், சுவரெழுத்துகளையும் படமெடுத்து நாளிட்டு வைக்கப் பங்குப் பேரவை ஓர் இளைஞரை அமர்த்தக் கூடாதா? செலவு அர்ச்சிப்பு விழாவின் ஒலிபெருக்கி வாடகையைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

பல்லாவரத்து வீட்டுக்காரருக்கு நாம் சொல்லக்கூடியது என்ன? அவருடைய குறை உண்மையானது. அடித்தளம் தோண்டும்போது தாழியோ பேழையோ தட்டுப்பட்டால், மனை போய்விடும் என்ற அச்சத்தில் இரவோடிரவாக அதை உடைத்துச் சரளையோடு சேர்த்து அள்ளிவிடுவதே அறிவு என்று சிலர் பேசிக்கொள்வதை நாமே கேட்டிருக்கிறோம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவருக்கு ஊறு வராது என்ற உறுதியை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சட்டம் நீலப் பலகையாக மட்டுமே அவர் தெருவுக்கு வந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லையைப் புல எண் வாரியாக அளந்து, எல்லைக்கல் நட்டு, எவர் வீடு 100 மீட்டருக்குள், எவர் வீடு வெளியே என்ற பட்டியலைத் தமிழில் மாநகராட்சிச் சுவரில் ஒட்ட வேண்டும். உள்ளே அகப்பட்டவருக்கு மாற்று மனையோ இழப்பீடோ தர வேண்டும். கட்டுவதற்கு முன் மனையை ஒரு வாரத்தில் ஆய்ந்து முடித்து எழுத்தில் விடை தரும் தொல்லியலாளர் ஒருவரையேனும் இப்பகுதிக்கென்று அமர்த்த வேண்டும். இவ்விண்ணப்பத்தில் கையொப்பம் இட விரும்பும் பங்கு மக்கள் தத்தம் பட்டா நகலோடு ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் பங்கு அலுவலகத்துக்கு வரலாம்.